ஊரில் சம உரிமைக்காக நிற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தீண்டாமைக்கும் காவல்துறையின் அத்துமீறலுக்கும் எதிராகச் செயல்படும் சிறு குழுக்களுக்காக நடக்கும் சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில், ஊர் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்று அன்று. வழக்கறிஞரிடம் போவதற்கு முன் உங்கள் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்வதே நோக்கம்.

தீண்டாமையைத்தான் அரசியல் சட்டமே ஒழித்துவிட்டதே, பிறகு எதற்குச் சங்கம், கூட்டம், போராட்டம் எல்லாம்?

அரசியல் சட்டத்தின் 17வது உறுப்பு தீண்டாமையை எந்த வடிவத்திலும் கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது. 15வது உறுப்பு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது. தீண்டாமையைத் தண்டிக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டம், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அதன் 1995ஆம் ஆண்டு விதிகள் என்று அடுத்தடுத்து வந்தவற்றைப் பார்த்தால், சட்டத்துக்குக் குறைவில்லை என்பது உண்மைதான்.

ஆனால் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, பத்து ஆண்டுகள் அங்கே தேர்தல் முறையாக நடக்கவில்லை. வேட்பு மனுத் தாக்கல் செய்ய யாரும் விடப்படவில்லை, அல்லது வென்றவர் பதவியேற்ற கையோடு விலக வைக்கப்பட்டார். 2006இல்தான் தேர்தல் முறையாக நடந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில் நீடிக்க முடிந்தது. அந்தப் பத்து ஆண்டுகளின் ஒவ்வொரு நாளும் மேலே சொன்ன எல்லாச் சட்டங்களும் நடைமுறையில்தான் இருந்தன. தலித் அமைப்புகளும் கட்சிகளும் உரிமை இயக்கங்களும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததும், அதன் பிறகு நிர்வாகம் உறுதியோடு இறங்கியதும்தான் நிலையை மாற்றின. சங்கம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

டீக்கடையில் இப்போது எல்லாருக்கும் பேப்பர் கப்தான். அப்படியானால் எங்கள் ஊரில் தீண்டாமை இல்லை என்று எழுதிவிடலாமா?

எழுத முடியாது. சாதி பார்த்து வேறு வேறு குவளையில் டீ கொடுக்கும் இரட்டைக் குவளை முறை மறைந்த பல ஊர்களில் கடை பெஞ்சில் யார் உட்கார்கிறார்கள், யார் நின்றுகொண்டே குடிக்கிறார்கள் என்பது இன்னும் மாறவில்லை. முடிதிருத்தும் கடை, துணி தேய்க்கும் கடை, கோயில் வாசல், சாமி ஊர்வலம் வரும் தெருக்கள், சுடுகாட்டுப் பாதை, பேருந்து நிழற்குடை, ஊராட்சி மன்றத் தலைவரின் நாற்காலி ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண்ணான ஊராட்சித் தலைவர், மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியானது நினைவிருக்கும். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள்.

கணக்கெடுக்கும்போது பொதுவாக எழுதாதீர்கள். ‘முடிதிருத்தும் கடையில் பாகுபாடு உண்டு’ என்ற வரியை வைத்து ஒரு அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. செய்ய விரும்பாத அதிகாரிக்கோ அது வசதி. ‘இன்ன தேதி, ஞாயிறு காலை பத்து மணி, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கடை. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் இளைஞர் போய்க் கேட்டபோது, “உங்களுக்கெல்லாம் டவுனில்தான் வெட்டுவார்கள்” என்று கடைக்காரர் சொன்னார். அப்போது உள்ளே நாற்காலியில் இருந்தவர் இன்னார், வெளியே நின்றவர்கள் இன்னார் இருவர்’ என்று எழுதுங்கள். இப்படி எழுதப்பட்ட ஒரு நோட்டுப் புத்தகம் ஒவ்வொரு ஊர்க் குழுவிடமும் இருக்க வேண்டும். இனிப் பல விடைகளில் ‘நோட்டு’ என்று நான் சொல்வது இதைத்தான்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவர், இத்தகைய கள ஆய்வுக்குப் பிறகே வெளியுலகப் பிரச்சினையானது. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் அதைக் கையில் எடுத்த பின், 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகமே சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. அந்தச் சுவர் அதற்கு முன் பல ஆண்டுகள் எல்லாருடைய கண்ணெதிரிலும்தான் நின்றது.

இரண்டு சட்டம் இருக்கிறதாமே, எங்கள் புகார் எதில் வரும்?

1955ஆம் ஆண்டுச் சட்டம் 1976 திருத்தத்துக்குப் பிறகு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று அழைக்கப்படுகிறது. அது தீண்டாமையின் அடிப்படையில் எவரையும் தடுப்பதைத் தண்டிக்கிறது, தண்டனை குறைவு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது மற்றவர்கள் இழைக்கும் குற்றங்களுக்கானது. தண்டனை கடுமையானது, நிவாரணமும் பாதுகாப்பும் அதிலேயே உண்டு.

2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தச் சட்டத்தை ஊர் நடப்புக்கு மிக அருகில் கொண்டுவந்தது. பொதுவழி, நீர்நிலை, சுடுகாடு ஆகியவற்றைத் தடுப்பது, செருப்பணிந்தோ புத்தாடை உடுத்தியோ போவதைத் தடுப்பது, வண்டி ஓட்டுவதையும் திருமண ஊர்வலத்தையும் தடுப்பது, பொதுக் கோயிலுக்குள் விடாதது, ஊர் விலக்கம் செய்வது, ஊராட்சித் தலைவரின் பணியை முடக்குவது எல்லாம் தனித்தனிக் குற்றங்களாக 3வது பிரிவில் எழுதப்பட்டுள்ளன. உங்கள் நோட்டில் உள்ள பெரும்பாலான நிகழ்வுகளுக்கு அங்கே ஓர் உட்பிரிவு இருக்கும்.

ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது போதுமா?

போதாது. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. அதனால் வழக்கு தொடங்குவதில்லை. கைதுசெய்து விசாரிக்கத்தக்க குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்தே தீர வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலோ முதற்கட்ட விசாரணை வேண்டியதில்லை என்று 18ஏ பிரிவே சொல்கிறது. அந்தப் பிரிவு எப்படி வந்தது என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவருகிறேன். 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம், கைதுக்கு முன் அனுமதி வேண்டும், வழக்குக்கு முன் விசாரிக்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் அமைப்புகள் பந்த் நடத்தின, உயிரிழப்புகளும் நேர்ந்தன. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. தெருவில் நின்றவர்கள் பெற்றுத்தந்த பிரிவு அது என்பதை மறக்கக் கூடாது.

நடைமுறைக்கு வருவோம். சி.எஸ்.ஆர். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். நீங்கள் எந்தத் தேதியில் போனீர்கள் என்பதற்கு அதுவே சான்று. அதன் எண்ணைக் குறிப்பிட்டு, புகாரின் நகலுடன், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகையுடன் கூடிய தபாலில் அனுப்புங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173(4) பிரிவு இந்த வழியையும், அதிலும் பயனில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யும் வழியையும் தருகிறது. எந்தக் காவல் நிலைய எல்லை என்று காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது.

பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமை தவறினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. துறை விசாரணையின் பரிந்துரை இல்லாமல் அந்தக் குற்றச்சாட்டைச் சுமத்த முடியாது என்பதால் இது நடப்பது அரிது. ஆனாலும் புகாரின் கடைசிப் பத்தியில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுவது நல்லது.

எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வது? சொன்னதை ஒன்று, எழுதியதை வேறொன்று என்று மாற்றிவிடுகிறார்களே?

வாய்மொழியாகவே புகார் தரலாம். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும் என்பது மேலே சொன்ன 4வது பிரிவிலேயே கடமையாகக் கூறப்பட்டுள்ளது. எஃப்.ஐ.ஆர். நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். குழுவிலிருந்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் உடன் போவதுதான் மிக எளிய பாதுகாப்பு. தனியாக யாரையும் அனுப்பாதீர்கள்.

தாசில்தார் ‘பீஸ் கமிட்டி’ போட்டு இரண்டு தரப்பும் சமாதானமாகப் போகச் சொல்கிறார். கையெழுத்துப் போடலாமா?

அமைதிப் பேச்சுவார்த்தைக்குப் போவதில் தவறில்லை; உங்கள் குரலைப் பதிவுசெய்ய அது ஓர் இடம். ஆனால் அந்த அறையில் இருப்பவர்கள் சமமானவர்கள் அல்லர். தடுக்கப்பட்டவரையும் தடுத்தவரையும் ‘இரு தரப்பு’ என்று எழுதியவுடனே உரிமை மீறல் ஒரு வாய்த்தகராறாகச் சுருங்கிவிடுகிறது. ‘இந்த ஆண்டுத் திருவிழாவில் பழைய வழக்கமே தொடரும்’ என்ற ஒரு வரி பெரும்பாலும் அந்தக் காகிதத்தில் எங்காவது ஒளிந்திருக்கும். பழைய வழக்கம் என்பதே உங்களை வெளியே நிறுத்திய வழக்கம்தான். அதில் கையெழுத்திட்டால் அடுத்த ஆண்டு அதையே உங்கள் முன் நீட்டுவார்கள்.

முழுவதையும் படித்துப் பாருங்கள், நகல் கேளுங்கள், ஒப்பாத வரிக்குக் கீழே ‘இதை ஏற்கவில்லை’ என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். வன்கொடுமை வழக்கைத் தாசில்தார் அறையிலோ காவல் நிலையத்திலோ பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் அமைதியாகச் சொல்லுங்கள்.

கோயில் பிரச்சினையில் இன்னொன்றும் நடக்கிறது. நுழைவு உரிமை கேட்டதும் சட்டம் ஒழுங்கைக் காட்டி அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்துவிடுகிறார்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் அப்படித்தான் நடந்தது. பூட்டப்பட்ட கோயிலுக்கு உங்களைக் குற்றம் சொல்லும் ஊர்க்காரர்களிடம், 1947ஆம் ஆண்டே சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது என்பதையும், பூட்டைப் போட்டது யார் என்பதையும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்டால் ‘30(2) அமலில் இருக்கிறது’ என்கிறார்கள். அப்படியானால் கூடவே கூடாதா?

30(2) என்பது 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்தில் உள்ள பிரிவு. கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்தவும் முன் அனுமதி கேட்கச் சொல்லவும் காவல்துறைக்கு இடம் தருகிறது. பல மாவட்டங்களில் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையோ அரசியல் சட்டத்தின் 19வது உறுப்பில் இருக்கிறது. பொதுவிடத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்க முடியாது என்று ஹிம்மத்லால் ஷா வழக்கில் 1972இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2020இல் ஷாகீன் பாக் வழக்கில், பொதுச் சாலையைக் காலவரையின்றி மறித்து உட்கார முடியாது என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எனவே இடம், நேரம், வருவோர் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர், ஒலிபெருக்கி உண்டா இல்லையா என்பவற்றைத் தெளிவாக எழுதிச் சில நாட்கள் முன்னதாகவே மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போவது கடினம். காரணம் எழுதப்பட்ட மறுப்பை எதிர்த்துப் போவது எளிது.

விசாரணை என்று சொல்லி இரவில் வீட்டுக்கு வந்து கூப்பிடுகிறார்கள். போகாமல் இருக்கலாமா?

முதலில் எதற்காக, எந்த வழக்கில், சாட்சியாகவா குற்றம் சாட்டப்பட்டவராகவா என்று கேளுங்கள். எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள். சாட்சியாக என்றால் பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தோர், 60 வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். பெண்களைச் சூரிய மறைவுக்குப் பிறகும் உதயத்துக்கு முன்பும் கைதுசெய்யக் கூடாது. விதிவிலக்கான சூழலில் பெண் காவல் அதிகாரி நடுவரின் முன் அனுமதியோடுதான் அதைச் செய்ய முடியும்.

கைது என்றால், காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், சாட்சிக் கையொப்பத்துடன் கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இன்று பெருமளவு பி.என்.எஸ்.எஸ். சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்ததைப் பார்த்த தமிழ்நாட்டில், இந்த நெறிகளை வெறும் சம்பிரதாயம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த முதல் இரவுதான் ஆபத்தானது. நான்கைந்து பேர் காவல் நிலைய வாசலில் அமைதியாக நிற்பதும், வந்த நேரத்தையும் அழைத்துச் சென்றவரின் பெயரையும் நோட்டில் எழுதுவதும், சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணுக்குப் பேசி வழக்கறிஞர் கேட்பதும் உயிரைக் காக்கும் வேலைகள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

காவல் நிலையம் முழுவதும் கண்காணிப்பு கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தாக்குதல் நடந்ததென்றால் பதிவைப் பாதுகாத்து வைக்கக் கோரும் மனுவை மறுநாளே கொடுங்கள். தாமதித்தால் அழிந்துபோனது என்பார்கள். உயிர், சுதந்திரம் தொடர்பான தகவலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதையும் அதே நாளில் பயன்படுத்தலாம்.

நாங்கள் புகார் கொடுத்த மறுநாளே எங்கள் பையன்கள் மேல் எதிர்த்தரப்பு வழக்குப் போட்டுவிட்டது. திரும்பப் பெற்றுக்கொண்டால் அவர்களும் பெற்றுக்கொள்வார்களாம்.

எதிர் வழக்கு என்பது சமரசத்துக்கு இழுக்கும் கயிறு. படிக்கிற பிள்ளைக்கு அரசு வேலை போய்விடும் என்ற அச்சத்தில்தான் பெரும்பாலான நல்ல புகார்கள் சாகின்றன. அந்த அச்சம் நியாயமானது, அதை யாரும் கோழைத்தனம் என்று பேசக் கூடாது. உங்கள் புகாரின் நேரமும் அவர்கள் புகாரின் நேரமும் இங்கே முக்கியம். முதல் நாளே நீங்கள் வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது இப்போது பயன்படும். பையன்கள் அந்த நேரத்தில் வேறெங்கோ இருந்தார்கள் என்றால் வகுப்பு வருகைப் பதிவு, பேருந்துச் சீட்டு, கடை ரசீது என்று கிடைப்பதையெல்லாம் அன்றே சேர்த்துவையுங்கள்.

வீட்டுக்குள் வைத்துச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார். வழக்கு நிற்குமா?

சாதி சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு, அது ‘பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில்’ நடந்திருக்க வேண்டும். பொதுமக்கள் எவரும் இல்லாத வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்தது அதில் வராது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. திண்ணையில், திறந்த முற்றத்தில், தெருவிலிருந்து கேட்கும்படி நடந்திருந்தால் நிலை வேறு. ஆகவே நோட்டில் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும். உறவினர் அல்லாத சாட்சி யாராவது உண்டா என்று பார்க்க வேண்டும். தாக்குதல், மிரட்டல், நிலப் பறிப்பு ஆகியவற்றுக்கு இந்த நிபந்தனை இல்லை.

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஊர் எங்களைப் பழைய சாதியாகத்தான் நடத்துகிறது, சட்டம் மட்டும் இல்லையென்கிறதே?

இது நியாயமான மனக்குமுறல். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரே பட்டியல் சாதியினராகக் கருதப்படுகிறார்கள். சீக்கியர்கள் 1956இலும் பௌத்தர்கள் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். அதனால் தலித் கிறிஸ்தவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் தருவது தடைப்படுகிறது. பழங்குடியினருக்கு இந்த மதத் தடை இல்லை. இதை மாற்றக் கோரும் போராட்டம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அந்தக் கோரிக்கை சரியானது என்றே கருதுகிறேன். அதுவரை, முன்பு சொன்ன குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தையும் பொதுவான குற்றவியல் பிரிவுகளையும் பயன்படுத்துங்கள். தீண்டாமைக்கு ஆளானவரின் மதத்தை அந்தச் சட்டம் நிபந்தனையாக்கவில்லை.

நான் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை. இதில் தலையிட எனக்கென்ன உரிமை இருக்கிறது?

குற்றம் நடந்ததைக் காவல்துறைக்குத் தெரிவிக்க எவருக்கும் உரிமை உண்டு. அதைவிட, எந்தத் தரப்பையும் சேராதவர் என்பதால் உங்கள் சாட்சியம் வழக்குக்கு வலுச் சேர்க்கக்கூடும். ஆனால் முடிவெடுப்பவர் நீங்கள் அல்லர். புகார் கொடுப்பதா, எப்போது, எந்த அளவுக்குப் போவது என்பதை விளைவைச் சுமக்கப்போகிறவர்கள் தீர்மானிக்க வேண்டும். உங்கள் சொந்தத் தெருவில், சொந்த உறவினர்களிடம் பேசுவதுதான் உங்களால் மட்டும் செய்யக்கூடிய வேலை. அதையே பலரும் தவிர்க்கிறார்கள்.

வாச்சாத்திக்கு முப்பது வருடம் ஆயிற்று. அவ்வளவு காலம் வழக்கு நடந்தால் அதுவரை ஊரில் எப்படி இருப்பது?

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் மக்களுடன் நின்று, 1995இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு பெற்றன. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துவிட்ட 54 பேர் போக மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி நேரில் ஊருக்கு வந்து பார்த்தார். செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டார். முப்பத்தொரு ஆண்டுகளில் அந்தப் பெண்கள் சாட்சியத்தை மாற்றவில்லை. அவர்களை அந்தக் காலம் முழுவதும் தனியே விட்டுவிடாத அமைப்பு ஒன்று இருந்தது.

எல்லா வழக்கும் அவ்வளவு நீளாது. வன்கொடுமை வழக்கில் விசாரணை அதிகாரி 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். சிறப்பு நீதிமன்றம் முடிந்தவரை இரண்டு மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை வேறு என்பதால் இடைக்காலத்தைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, பிணை மனு விசாரணையின்போது தகவல் பெறும் உரிமை, தங்கள் தரப்பைச் சொல்லும் உரிமை எல்லாம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில் இருக்கின்றன. கேட்காமல் எவரும் தருவதில்லை. வேலை கொடுக்காமலும் கடையில் பொருள் விற்காமலும் இருப்பது ஊர் விலக்கம் என்ற தனிக் குற்றம். அதற்குப் புதிய புகார் கொடுக்க வேண்டும், பழைய வழக்கோடு சேர்த்துப் புலம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டின் விதி. உங்கள் மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது, உங்கள் ஊர் வழக்கு அதில் பேசப்பட்டதா என்று, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, 30 நாளில் பதில் வர வேண்டும். கூடவில்லை என்று பதில் வந்தால், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.